கடல்மீன் தொட்டியில் எத்தனை மீன்?

(இரண்டாமாண்டு விலங்கியல் மாணவர், மணலி புதுநகர்)

2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை போர்வைபோல் படர்ந்து கிடந்ததைப் பலரும் கண்டிருப்பீர்கள். கழிவுநீரோடு வந்த சோப்பு முதலியன அலையில் அடிபட்டு நுரையாயின. கடல்மீன் தொட்டியில் பொருத்தும் புரோட்டீன் ஸ்கிம்மரும் இவ்வகையிலேயே வேலை செய்கிறது. புரதத்தின் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை விட்டு விலகும். ஆதலின் அது காற்றுக் குமிழியில் ஒட்டி மேலேறி, கிண்ணத்தில் டிகாக்‌ஷன் நிற அழுக்காய்ச் சேர்கிறது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறியனவாகவே இருக்கும். நன்னீரில் அவ்வாறன்று, கொளத்தூர்க் கடைகளின் நன்னீர்த் தொட்டிகளில் இக்கருவியைக் காணாததற்குக் காரணம் அதுவே.

விடுமுறையில் ஒரு மீன் கடையில் வேலை பார்த்தேன். அங்கு மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத்தில் ஒரு தொட்டி அமைத்தோம். கொள்ளளவு 191 லிட்டர். ஸ்கிம்மர் பெட்டியிலோ '500 லிட்டருக்கு' என்றிருந்தது. மீன்களைத் தாராளமாக விடலாம் என்று சொன்னவன் நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளை சொல்லுது" என்று முதலாளியும் நம்பினார். ஒரே வாரத்தில் 14 மீன்கள் விட்டோம். பத்தாம் நாள் காலை 9 மீன்கள் மிதந்தன.

ஸ்கிம்மர் அம்மோனியாவை எடுப்பதில்லை. அதை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அம்மோனியாவின் கொடுமையை நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயில் அது கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வெளியேறினர்.

பெட்டியிலுள்ள எண்ணைவிட, இடும் தீனியைக் கணக்கிடுவதே முறை. நாளொன்றுக்கு 1 கிராம் உலர்தீனி என்போம். அதில் 45 விழுக்காடு புரதம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக 72 மில்லிகிராம். அதில் பாதி மட்டும் கழிவாயினும் 160 மில்லிகிராம் நைட்ரேட்டாகும். கல்லும் மணலும் போக 150 லிட்டர் நீரெனில், லிட்டருக்கு நாளும் 1 மில்லிகிராம், மாதத்திற்கு 30! ஸ்கிம்மர் இதை முழுதும் தடுக்குமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் அளந்தபோது, நீரிலுள்ள கரிமப் பொருளில் 20 முதல் 30 விழுக்காட்டையே ஸ்கிம்மர்கள் நீக்கின. எஞ்சியதற்கு நீர் மாற்றுவதும் மீனைக் குறைப்பதுமே வழி. மிகப் பெரிய ஸ்கிம்மரும் வீண். அழுக்குக் குறைந்த நீரில் அதன் நுரை நிலைத்து நில்லாது. உண்மை நீரளவைப் போல் இரு மடங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

பவளம் வைக்கலாமா என்பர் சிலர். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே செயற்கைப் பாறையும், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீனுமே நமக்கு ஏற்றவை.

அதே தொட்டியில் இப்போது 4 மீன்கள் உள்ளன. முதலாளி ஐந்தாவது கேட்கிறார். மாதக் கடைசியில் நைட்ரேட் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.