கூட்டணிக்கு ஒரு விலை வை



நான்கைந்து பேர் ஆடும் போர்த்தந்திரப் பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்கிவருகிறாய், தம்பி. எல்லாருக்கும் ஒரே அளவு படை, ஒரே அளவு நிலம் கொடுத்துவிட்டால் நியாயம் வந்துவிடும் என்பது புதிதாக வருகிற எல்லாருக்கும் தோன்றும் எண்ணம்தான். சதுரங்கத்துக்கு அது சரி. மூன்றாவது ஆள் உட்கார்ந்ததும் கணக்கு மாறிவிடும். இருவர் சேர்ந்துகொண்டால் மூன்றாமவரின் சமபலம் எதற்கும் உதவாது.

‘டிப்ளமசி’யைக் கூர்ந்து பார். ஆலன் கால்ஹாமர் 1954இல் உருவாக்கி, 1959இல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் வெளியிட்ட ஆட்டம் அது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள். 34 வழங்கல் மையங்களில் 18ஐப் பிடிப்பவருக்கு வெற்றி. தொடக்கமே ஏற்றத்தாழ்வுதான்: ரஷ்யாவுக்கு நான்கு படைகள், மற்றவர்களுக்கு மும்மூன்று. ஆஸ்திரியாவோ எல்லாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியிருந்தும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதை ஆடுகிறார்கள். காரணம் அதன் விதிகளில் இருக்கிறது. பகடை கிடையாது. எல்லாப் படைகளுக்கும் ஒரே பலம். ஒன்றோடொன்று மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிர்ப்பை மீறி முன்னேற இன்னொரு படையின் ஆதரவு வேண்டும், அதை அடுத்த நாட்டுப் படையும் தரலாம். ஆணைகளை ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் திறப்பார்கள். கொடுத்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. ரஷ்யாவும் துருக்கியும் கைகோத்தால், இத்தாலியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து தடுக்கலாம். எளியவருக்குப் பேசிப் பிழைக்கும் வழி கடைசிவரை திறந்திருக்கிறது.

வாக்கை இவ்வளவு அவிழ்த்துவிட உனக்குத் துணிவில்லையென்றால் 1979இல் வந்த ‘டூன்’ ஆட்டத்தைப் பார். அதில் நினைத்தபோதெல்லாம் கூட்டணி அமைக்க முடியாது. மணற்புழுச் சீட்டு வந்தால்தான் அந்த வாய்ப்பு. தனியாக வெல்ல மூன்று கோட்டைகள் போதும், இருவர் சேர்ந்தால் நான்கு வேண்டும். சேர்வதற்கு ஒரு வேளை, சேர்ந்ததற்கு ஒரு விலை. ‘கட்டான்’ (1995) வேறு வழியில் போகிறது: யாருடைய முறையோ அவரோடு மட்டுமே பண்டமாற்று, சும்மா தூக்கிக் கொடுக்கவும் கூடாது. வேண்டியவருக்கு அள்ளிக்கொடுக்கும் வேலை அங்கே அவ்வளவு எளிதில் நடக்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தனக்கு வெற்றி இல்லையென்று தெரிந்தவர், யார் வெல்வது என்பதைத் தீர்மானித்துவிடுவார். இதை முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ‘ஸ்மால் வேர்ல்ட்’ (2009) வெற்றி நாணயங்களை மறைத்துவைக்கச் சொல்கிறது. முன்னிலையில் இருப்பவர் யாரென்று உறுதியாகத் தெரியாதபோது நம்பிக்கையைக் கைவிடுபவர்கள் குறைவு.

கணவன் மனைவி, உயிர் நண்பர்கள் என மேசைக்கு வெளியே முடிவான கூட்டை எந்த விதியாலும் தடுக்க முடியாது. ஆகவே சோதனை ஆட்டங்களுக்கு ஒருவரையொருவர் அறியாதவர்களையும் கூப்பிடு. யார் வென்றார் என்பதோடு, யார் எந்தச் சுற்றில் யாரோடு சேர்ந்தார், ஏன் பிரிந்தார் என்பதையும் குறித்துவை. முதல் சுற்றில் சேர்ந்தவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் கடைசிவரை பிரியாமலே வென்றால், விதியைத் திருத்திவிட்டு மறுபடி ஆடவிடு.