வேலை போன நாளுக்குக் கூலி

வெள்ளமோ வறட்சியோ நேரிட்டால் நிலமுடையார்க்குப் பயிரும், வீடுடையார்க்குச் சுவரும் சேதமாகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படுவதால் கணக்கில் ஏறுகின்றன. கூலியாள் இழப்பது வேலை நாள். அதை அளக்க ஒருவரும் வருவதில்லை. ஆகையால் அதற்குரிய அத்தாட்சியை அவரே வைத்திருத்தல் அவசியம்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் உண்டாயிற்று. சர்க்கார் நிவாரண வேலைகளைத் தொடங்கிக் கூலி கொடுத்தனர். 1877-ன் தொடக்கத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்கும் பொருட்டு, ஆண் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசுமாகக் குறைத்தார். அவ்வளவு உண்டு ஒருவன் உழைக்க இயலாதென்று மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் ஆட்சேபித்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும், 1871-ல் 19 லட்சத்துக்கு மேலிருந்த ஜில்லா ஜனத்தொகை 1881-ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. உதவி உரிய காலத்தில், உரிய அளவில் கிடைத்தாலன்றிப் பயன்படாது.

ஆபத்து இன்றும் நீங்கிவிடவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய சமயத்தில் உதவக்கூடிய உரிமைகள் இரண்டு:

(1) கிராமக் கூலியாளர்: 2005-ம் வருஷத்துச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் 100 நாள் வேலைக்கு உறுதியளித்தது. வேலை கேட்டு 15 நாளில் கிடைக்காவிடில், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்கும், அப்பால் அரைப் பங்குக்கும் குறையாத படி தரவேண்டுமென்றும் விதித்தது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக நிறைவேறிய சட்டம் நாட்களை 125 ஆக்கி, படியையும் வைத்துக்கொண்டது. கேட்ட தேதிக்கு ருசுவின்றேல் படியைக் கோருதல் கடினம். ஆகவே எழுத்து மூலம் மனுச் செய்து, தேதியிட்ட ரசீது பெறுக.

(2) ஆலைத் தொழிலாளர்: இயற்கைச் சேதத்தால் ஆலை வேலை தர இயலாமல் லே-ஆப் செய்தால், 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை முதலாளி கொடுக்கவேண்டும். 1947-ம் வருஷத்துச் சட்டத்திலிருந்த இவ்வுரிமை, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் உள்ளது. அந்நாட்களில் தினம் ஒருமுறை ஆலையில் ஆஜராதல் வேண்டும். மஸ்டர் ரோலில் பெயரில்லாதவருக்கும், பதிலி ஆட்களுக்கும், தற்காலிக ஆட்களுக்கும் இது கிடையாது.

எல்லைக்கு இருபுறமிருந்தும் ஓசூர் ஆலைகளுக்குச் செல்வோரில் தற்காலிகமாக உழைப்போர் பலர். அவர்களுக்கே உதவி அதிகம் தேவை. சட்டம் எட்டாது நிற்பதும் அவர்களிடத்திலேயே. இக்குறை நீங்குமளவும், கிராமத்தில் எழுத்தறிந்தவர்கள் மனு எழுதிக் கொடுத்தும், ஹாஜர் நாட்களைக் குறித்து வைக்கப் பழக்கியும் உதவலாம். வெள்ளம் வந்தபின் ரசீதைத் தேடுவதில் பயனில்லை.