சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்

நான் திருநங்கை. ஓசூரில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கூட வேலை செய்பவர்களிடம் சொல்லாமல் இருப்பது ஏமாற்றுவது ஆகுமா? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இன்னும் பழைய பெயர்தான்.
– ஒரு வாசகி, பாப்பாரப்பட்டி

ஆகவே ஆகாது. பக்கத்து சீட்டுக்காரர் தன் பழைய காதலையும் அடகு நகைக் கணக்கையும் உங்களிடம் ஒப்பித்துவிட்டா வேலையைத் தொடங்கினார்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கவனம் தேவைப்படுவது மார்க் ஷீட் விஷயத்தில். பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு, அந்த நகலை மார்க் ஷீட்டோடு பின் செய்து, ஒட்டிய உறையில் ஹெச்.ஆர். கையில் மட்டும் கொடுங்கள். ‘இது ஃபைலைத் தாண்டக் கூடாது’ என்று ஒரு மெயிலும் போட்டுவிடுங்கள். நாளைக்கு வாய்ப்பேச்சு சாட்சிக்கு வராது. ஆதார், பேங்க், பி.எஃப். மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கவுன்ட்டரில் உங்கள் பழைய பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள்.

உங்கள் தருமபுரி மாவட்டத்தில் 2017-இல் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்ற திருநங்கை பிரித்திகா யாஷினியை ஊருக்கே தெரியும். கோர்ட் படியேறித்தான் அவர் அந்த வேலையை வாங்க வேண்டியிருந்தது. வேலை கிடைத்துவிட்ட உங்களுக்கு அப்படி ஊரறியச் சொல்லும் கட்டாயம் இல்லை.

மனசுக்குப் பிடித்த தோழி கிடைத்தால் சொல்லுங்கள். ‘உன்னோடு இருக்கட்டும்’ என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மற்றபடி யாராவது துருவினால், “அது என் சொந்த விஷயம்க்கா, டீக்கு வர்றீங்களா?” போதும்.