ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'பட் பட்'டா?

பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தத்தையும் மீறி பைக் வெடிக்கிறதென்றால், எஞ்சினும் சைலன்ஸர் பைப்பும் சேரும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். அங்குள்ள கேஸ்கெட் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். எரியாத பெட்ரோல் அதோடு கலந்து சூடான குழாயில் வெடிக்கும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். சுற்றிலும் கரி படிந்திருப்பதும் கசிவின் அடையாளமே.

புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை மாறி மாறிச் சமமாக முடுக்க வேண்டும்.

கசிவு இல்லையா? ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது. பழைய வண்டியில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யலாம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.