வீட்டுச் சேமிப்புக் கணினியில் சிங்க்திங்

நம் தமிழ் மாணவர்களில் சிலர் வீட்டில் ஒரு சேமிப்புக் கணினி வைத்திருக்கின்றனர். பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியனை நிறுவி, பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பூட்டி, சாம்பா வழியாக வீட்டார் அனைவரும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான் அது. சிலர் இதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பையைக் கொண்டு செய்துகொள்கின்றனர். இரண்டும் நல்லவையே. ஆயினும் இவ்வேற்பாட்டில் ஒரு குறை உண்டு. கோப்பை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியவர் நாமே. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நள்ளிரவு இரண்டு மணிக்கு முடித்துவிட்டுப் படுக்கப் போகும் மாணவர், அதற்கொரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பாரா? ஒரு நாள் செய்வார். இரண்டு நாள் செய்வார். மூன்றாம் நாள் மறப்பார்.

இந்த மறதிக்கு மருந்தாக வந்தவை ஒத்திசைவு மென்பொருள்கள். மடிக்கணினியில் ஒரு கோப்புறை, சேமிப்புக் கணினியில் ஒரு கோப்புறை. ஒன்றில் நேர்ந்த மாற்றம் மற்றொன்றிலும் தானே நேர்கிறது. இவ்வகையில் சிங்க்திங் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இது கட்டற்ற மென்பொருள். கோ மொழியில் எழுதப்பட்டது. நடுவே எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் நம் கோப்புகள் தங்குவதில்லை. நம் கணினிகள் தமக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன.

நிறுவும் முறைக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைவு நாம் செய்ததை அப்படியே செய்யும் பணியாள். நாம் எழுதினால் அதுவும் எழுதும். நாம் அழித்தால் அதுவும் அழிக்கும். உறக்கக் கலக்கத்தில் ஓர் இயலை அழித்துவிட்டோமானால், சற்று நேரத்தில் சேமிப்புக் கணினியிலும் அது மறைந்துவிடும். தீய நிரல் ஒன்று மடிக்கணினியிலுள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிப் பணம் கேட்குமானால், பூட்டிய கோப்புகளே மறுபக்கமும் போய்ச் சேரும். ‘இரண்டு இடத்தில் இருக்கிறதே’ என்ற ஆறுதல் இங்கே பொய்யான ஆறுதல். ஆகவே சேமிப்புக் கணினியில் இம்மென்பொருளைச் சேர்ப்பவர் அதன் பணிவை மட்டும் நம்பாமல், பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியையும் உடனே இயக்கிவிட வேண்டும். அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

முதற்கண், இது எவ்வாறு வேலை செய்கிறது? ஒவ்வொரு கோப்பும் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. சிறிய கோப்புகளுக்குத் துண்டின் அளவு 128 கிபிபைட்டு; கோப்பு பெருகப் பெருக அது 16 மெபிபைட்டு வரை உயரும். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.எச்.ஏ.-256 முறையில் ஒரு சுருக்க எண் கணக்கிடப்படுகிறது. இரு கணினிகளும் இந்த எண்களின் பட்டியலை ஒப்பிட்டு, மாறுபட்ட துண்டுகளை மட்டும் அனுப்பிக்கொள்கின்றன. 20 மெபிபைட்டுக் கோப்பில் 160 துண்டுகள். அதில் ஓரிடத்தில் சில பைட்டுகளின் மதிப்பு மட்டும் மாறியிருந்தால் 159 துண்டுகளை அனுப்ப வேண்டுவதில்லை. கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைப் புதிதாக நுழைத்தால் எல்லாத் துண்டுகளும் இடம் பெயர்ந்துவிடுமே எனக் கேட்கலாம். கேள்வி சரியே, அப்போது சிக்கனம் போய்விடும். 1996இல் ஆஸ்திரேலியாவில் டிரிட்ஜல், மெக்கெராஸ் இருவரும் உருவாக்கிய ஆர்சிங்க் இச்சிக்கலை நகரும் கூட்டெண் என்ற அழகிய உத்தியால் தீர்த்தது. கணிதத்தில் விருப்பமுள்ள தோழர்கள் அதைத் தனியே படித்துப் பார்க்கலாம்.

எது புதியது, எது பழையது என்பதை எவ்வாறு அறிவது? கடிகாரத்தை நம்ப முடியாது. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் ஒவ்வொரு கோப்புக்கும் கணினிதோறும் ஓர் எண்ணி வைக்கப்படுகிறது. மடிக்கணினியின் எண்ணி கூடியிருந்து, சேமிப்புக் கணினியின் எண்ணி இரு பட்டியலிலும் ஒன்றாயிருந்தால், மடிக்கணினியின் கோப்பே புதியது. இரண்டும் தனித்தனியே கூடியிருந்தால்? அங்கேதான் மோதல். அப்போது இரண்டு பிரதிகளும் காப்பாற்றப்படுகின்றன. ஒன்றன் பெயரோடு ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லும் நாளும் நேரமும் சேர்ந்துவிடும். அப்பெயரைக் கண்டு பலர் அஞ்சி உடனே அழித்துவிடுகின்றனர். அவ்வாறு செய்யலாகாது, இரண்டையும் திறந்து ஒப்பிட்ட பிறகே ஒன்றை நீக்க வேண்டும்.

இனி நிறுவும் முறை. டெபியனின் தொகுப்பிலேயே சிங்க்திங் உள்ளது. அதை ரூட் உரிமையுடன் இயக்கக் கூடாது. கோப்புகளுக்கு உரியவராகச் சாதாரணப் பயனர் ஒருவரை உண்டாக்கி, அவர் பெயரிலேயே கணினி எழும்போது தானே தொடங்கும் சேவையாக அமைத்துக்கொள்வது முறை. சாம்பா வழியாக வரும் கோப்புகளும் அதே பயனருக்கு உரியவையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ‘அனுமதி இல்லை’ என்ற பிழை நாள்தோறும் வந்து நம் பொறுமையைச் சோதிக்கும்.

கட்டுப்பாட்டுப் பக்கம் 8384 என்ற துறையில் உலாவி வழியாகத் திறக்கும். தொடக்கத்தில் அது அந்தக் கணினிக்குள்ளேயே காணக்கிடைக்கும்படி அமைந்திருக்கிறது. சேமிப்புக் கணினிக்குத் திரை ஏது? ஆகவே மடிக்கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். சுரங்கம் அமைத்துப் பார்ப்பது நலம். வலை முழுவதற்கும் திறந்துவைக்க விரும்புவோர் முதலில் வலுவான கடவுச்சொல்லை இட்டுவிட்டுப் பிறகே திறக்க வேண்டும். விடுதி வலையில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே கடவுச்சொல் இல்லாமல் அப்பக்கத்தைத் திறந்துவைப்பது வாயிற்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவது போன்றது.

ஒவ்வொரு கணினிக்கும் 56 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அது அக்கணினியின் சான்றிதழிலிருந்து கணக்கிடப்படுவது, மறைபொருள் அன்று. மடிக்கணினியின் அடையாளத்தைச் சேமிப்புக் கணினியிலும், சேமிப்புக் கணினியின் அடையாளத்தை மடிக்கணினியிலும் சேர்த்தால்தான் இணைப்பு ஏற்படும். ஒருதலையாகச் சேர்த்தால் பயனில்லை. இந்த இருபுற ஒப்புதலே இதன் பாதுகாப்பின் அடிப்படை.

முதன்முறை ஒத்திசைக்கும்போது எல்லாக் கோப்புகளின் சுருக்க எண்களையும் கணக்கிட வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். ராஸ்பெரி பை 4இல் இக்கணக்கை விரைவாகச் செய்யும் தனி வசதி செயலியில் இல்லை. அதில் இன்னும் மெதுவாகவே நடக்கும். இரவில் தொடங்கிவிட்டு உறங்கிவிடுவது உத்தமம்.

மென்பொருளை ஆக்கியோரின் முன்யோசனையைக் காட்டும் ஓர் அமைப்பைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒத்திசைக்கும் ஒவ்வொரு கோப்புறையிலும் ‘எஸ்டி-ஃபோல்டர்’ என்ற மறைவான அடையாளச் சின்னம் ஒன்று வைக்கப்படுகிறது. சேமிப்புக் கணினியின் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் கேபிள் தளர்ந்து இணையாமல் போயிற்று என்று கொள்வோம். டிஸ்க் இருந்த இடம் வெறும் கோப்புறையாகக் காட்சியளிக்கும். அறியாத மென்பொருளாயின், ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் போலும்’ என்று எண்ணி மடிக்கணினியிலும் அழித்துத் தீர்த்துவிடும். சிங்க்திங்கோ அச்சின்னத்தைத் தேடுகிறது. காணவில்லையெனில் வேலையை நிறுத்திப் பிழையை அறிவிக்கிறது. அப்பிழை வந்தால் சின்னத்தைப் புதிதாக உண்டாக்கிச் சமாளிக்க முயல வேண்டாம். டிஸ்க்கைப் பாருங்கள்.

பதிப்புகளுக்கு வருவோம். சேமிப்புக் கணினியிலுள்ள கோப்புறையில் ‘படிமுறைப் பதிப்பு’ வகையைத் தேர்ந்தெடுப்பது ஆய்வு மாணவருக்குப் பொருந்தும். முதல் ஒரு மணி நேரத்துக்கு முப்பது நொடிக்கு ஒன்று, முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, முப்பது நாள் வரை நாளுக்கு ஒன்று, அதன்பின் நாம் குறித்த எல்லை வரை வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் பழைய பதிப்புகள் எஞ்சியிருக்கும். எல்லையாக ஓராண்டை வைத்துக்கொள்ளலாம். இங்கே பலர் கவனியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. பிற கணினியிலிருந்து வந்த மாற்றத்துக்கு மட்டுமே பழைய பதிப்பு காக்கப்படுகிறது. மடிக்கணினியில் அழித்தால் சேமிப்புக் கணினியில் பதிப்பு இருக்கும். சேமிப்புக் கணினியிலேயே சாம்பா வழியாகத் தம்பி ஒரு கோப்பை அழித்துவிட்டானானால் அங்கே பதிப்பு ஏதும் இராது. அழிவு மடிக்கணினிக்கும் வந்து சேரும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஆய்வேட்டுக் கோப்புறையைச் சேமிப்புக் கணினியில் ‘பெறுவது மட்டும்’ என்ற வகையில் வைத்துவிடுங்கள். அங்கே யார் எதை மாற்றினாலும் அது மடிக்கணினியைத் தொடாது. மாற்றம் நேர்ந்திருப்பதைக் கட்டுப்பாட்டுப் பக்கம் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குடும்பப் புகைப்படங்களுக்கு இருபுறமும் செல்லும் வகையே ஏற்றது. எல்லாக் கோப்புறைக்கும் ஒரே வகையை வைப்பது சோம்பல்.

எதை ஒத்திசைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்புகளும் மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்புகளும் பாதி எழுதிய நிலையில் நகலாகிப் பயனற்றுப் போகக்கூடும். மீண்டும் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளக்கூடிய பெரும் வெளியீடுகளும் வேண்டாம். விலக்க வேண்டியவற்றை ஒரு பட்டியலில் எழுதிவைத்தால் மென்பொருள் அவற்றைத் தொடாது. அப்பட்டியல் கணினிதோறும் தனித்தனியே எழுத வேண்டியது என்பது நினைவிருக்கட்டும்.

வீடு ஓரிடம், விடுதி ஓரிடம் என்பதே நம்மில் பலருடைய நிலை. இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். நம் நாட்டில் இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன; விடுதியின் தடுப்புச் சுவரோ உள்ளே வரும் இணைப்புகளை மறுக்கிறது. நேர்வழி கிடைக்காதபோது சிங்க்திங் தன்னார்வலர் நடத்தும் இடைநிலைக் கணினிகள் வழியாகப் போகிறது. மறைகுறியாக்கி அனுப்புவதால் அவர்கள் எதையும் படிக்க இயலாது. வேகம் மட்டும் குறையும். எழுத்துக் கோப்புகளுக்கு அவ்வேகம் போதும். ஆய்வகத்துப் பெரும் தரவுகளை விடுமுறைக்கு ஊர் போகும்போது கையோடு கொண்டுபோய் வீட்டு வலையில் ஒத்திசைத்துக்கொள்ளலாம். இரயில் இணையத்தை வெல்லும் இடங்கள் இன்னும் உண்டு!

வீட்டில் திருட்டோ வெள்ளமோ நேர்ந்தால் என்ன செய்வது என்று வினவுவோர்க்கும் வழி இருக்கிறது. நண்பர் ஒருவரின் சேமிப்புக் கணினியில் ‘மறைகுறியாக்கிப் பெறுவது’ என்ற வகையில் ஒரு கோப்புறை வைக்கச் சொல்லலாம். நம் கோப்புகள் அங்கே பூட்டிய நிலையிலேயே இருக்கும், சாவி நம்மிடம். அவருக்கு நாமும் அவ்வாறே இடம் கொடுக்கலாம். அச்சாவிச் சொல்லைத் தாளில் எழுதி, மடிக்கணினி இல்லாத வேறோர் இடத்தில் வைத்திருங்கள். எல்லாம் அமைந்தபின் ஒரு சோதனைக் கோப்பை உண்டாக்கி, சேமிப்புக் கணினிக்கு அது வந்து சேர்ந்ததைப் பார்த்து, மடிக்கணினியில் அதை அழித்து, பழைய பதிப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீண்டு வந்தால் அன்றிரவு மூன்றாம் இயலை எழுதத் தொடங்கலாம்.