தீ மேலிருந்து வரும்: வீட்டுக் கூரையும் கிட்டங்கிக் கூரையும்



கடைக்கு இரும்பு ஷட்டர் போடுகிறோம். அதற்கு இரண்டு பூட்டு போடுகிறோம். கல்லாவுக்குத் தனிச் சாவி வைத்திருக்கிறோம். ஆனால் நம் சரக்கு முழுவதற்கும் மேலே படுத்திருக்கும் கூரையை எப்போது நிமிர்ந்து பார்க்கிறோம்? மழை ஒழுகிச் சர்க்கரை மூட்டை நனைந்தால்தான் பார்க்கிறோம். தண்ணீர் வரும் அதே வழியில்தான் நெருப்பும் வருகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் காட்டுத் தீக்குப் பேர்போனது. அங்கே மலையடிவாரத்திலும் மரங்களுக்கு நடுவிலும் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் நூறு ஆண்டுகளாக அடிபட்டு அடிபட்டுக் கூரையைப் பற்றிச் சில பாடங்களைக் கற்றிருக்கிறார்கள். முதலில் அதைத் தெரிந்துகொண்டு, பிறகு நம் கடைத் தெருவுக்கு வருவோம்.

தீ எப்படி வருகிறது?

காட்டுத் தீ என்றதும் பனைமர உயரத்துக்கு ஒரு நெருப்புச் சுவர் நகர்ந்து வந்து வீட்டை விழுங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வீடுகளை எரிப்பது அந்தச் சுவர் அல்ல. அதற்கு முன்பே காற்றில் பறந்து வரும் தீப்பொறிகளும் கங்குகளும்தான். எரியும் பட்டை, சுள்ளி, சருகு இவையெல்லாம் ஒரு மைலுக்கும் அப்பால் பறந்து போய் விழும். தீ எங்கோ இருக்கிறது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் கூரையின் மேல் சருகில் விழுந்த ஒரு கங்கு ஓசையில்லாமல் புகைந்துகொண்டிருக்கும்.

வீட்டில் வானத்தைப் பார்த்து அகலமாக விரிந்து கிடப்பது கூரைதான். ஆகவே பறந்து வரும் கங்கு அதிகமாக விழும் இடமும் கூரைதான். இதுதான் முதல் பாடம்.

கலிபோர்னியா கொடுத்த விலை

1923 செப்டம்பரில் பெர்க்லி நகரில் மலைப்பக்கமிருந்து வந்த தீயில் ஏறத்தாழ 600 கட்டடங்கள் எரிந்து போயின. அந்தக் காலத்தில் அங்கே பல வீடுகளுக்கு மரச் சில்லுகளை ஓடு போல அடுக்கிக் கூரை போட்டிருந்தார்கள். பார்க்க அழகு, விலை மலிவு. ஆனால் வெயிலில் காய்ந்துவிட்டால் அது அடுக்கி வைத்த விறகு. தீயைத் தாங்கும் கூரைதான் போட வேண்டும் என்று நகரமன்றம் விதி செய்தது. அந்த விதி நடைமுறைக்கு வருமுன்பே அதை ரத்தும் செய்தது.

1991 அக்டோபர் 20. பெர்க்லிக்கும் அதை ஒட்டிய ஓக்லாந்துக்கும் மேலே உள்ள அதே மலைத்தொடர். முந்தின நாள் அணைத்துவிட்டதாக நினைத்த புல் தீ ஒன்றின் மிச்சம் காற்றில் மறுபடி கிளம்பியது. 25 பேர் இறந்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் சாம்பலாயின. மரச் சில்லுக் கூரைகள் தாமும் எரிந்து, எரியும் சில்லுகளை அடுத்த வீட்டுக் கூரைக்கும் அனுப்பின. 68 ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட விதிக்கு அந்த ஊர்க்காரர்கள் கட்டிய வட்டி இது என்றே நான் சொல்வேன்.

பிறகு சட்டம் படிப்படியாக இறுகியது. 2008 முதல் காட்டுத் தீ அபாயப் பகுதியில் கட்டப்படும் புது வீடுகளுக்குக் கூரை, காற்றுத் துவாரம், சுவர், ஜன்னல் எல்லாவற்றுக்கும் தனி விதிகள் வந்தன. பலன் உண்டா? 2018 நவம்பர் 8-ல் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பின்னர் அங்கே ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, 1997-க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்குப் பதினொன்றரைதான் தப்பியிருந்தன. அந்த ஆண்டிலும் அதற்குப் பிறகும் கட்டியவற்றில் நூற்றுக்கு முப்பத்தெட்டரை தப்பின. மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். புது வீடுகளிலும் பாதிக்கு மேல் எரிந்துதான் போயின. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏ, பி, சி என்ற தரம்

நாம் மல்லிக்கும் மிளகாய்க்கும் தரம் பிரிப்பது போல, அமெரிக்காவில் கூரைக்கும் ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. சோதனை எளியது. மாதிரிக் கூரை ஒன்றைச் சரிவாக நிறுத்தி, காற்று வீசச் செய்து, எரியும் மரச் சட்டம் ஒன்றை அதன் மேல் வைக்கிறார்கள். சி தரத்துக்கு வைக்கும் துண்டு சுமார் 9 கிராம். ஒரு பவுனுக்குச் சற்றுக் கூடுதல். பி தரத்துக்கு அரைக் கிலோ. ஏ தரத்துக்கு ஓர் அடிக்கு ஓர் அடி அகலமுள்ள சட்டம். நம் தராசில் இரண்டு கிலோ படிக்கல் அளவு எடை. அது எரிந்து முடியும்வரை கூரை ஓட்டையாகி அடிப்பக்கம் தீப்பிடிக்கக் கூடாது. எரியும் துண்டுகள் அதிலிருந்து கழன்று பறக்கவும் கூடாது.

சுட்ட மண் ஓடு, சிமெண்ட் ஓடு, கற்பலகை ஆகியவை ஏ தரத்தில் தேறுகின்றன. கண்ணாடி இழை சேர்த்த தார்ப் பலகைகளும் பெரும்பாலும் தேறுகின்றன. உலோகத் தகடு சில வகைகளில் அடியில் தீ தாங்கும் விரிப்பு ஒன்றைச் சேர்த்துப் போட்டால்தான் தேறும்; தகடு எரியாது என்றாலும் சூடு கீழே இறங்கி மரப்பலகையைப் பற்ற வைத்துவிடும். மருந்தேற்றாத மரச் சில்லு எந்தத் தரத்திலும் சேராது.

ஆகவே கூரை என்றால் மேலே தெரியும் ஓடு மட்டுமல்ல. அதன் அடியில் இருப்பதும் கூரைதான். இது இரண்டாவது பாடம்.

நல்ல கூரையும் ஏன் எரிகிறது?

தென் கரோலினா மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சோதனைக் கூடம் நடத்துகின்றன. 105 பெரிய விசிறிகளை ஓடவிட்டு, முழு அளவு வீட்டின் மேல் தீப்பொறி மழையைப் பொழியச் செய்து பார்க்கிறார்கள். இத்தகைய சோதனைகளிலும் எரிந்த ஊர்களிலும் தெரியவந்த பலவீனமான இடங்கள் இவை:

1. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாய். அதில் சேர்ந்த காய்ந்த இலைதான் முதலில் பற்றும். ஓடு எரியாது, ஓட்டுக்குப் பக்கத்துச் சட்டம் எரியும்.

2. வளைவு ஓட்டின் கடைசி வரிசையில் திறந்திருக்கும் வாய். அங்கே குருவி கூடு கட்டும். பொறி அந்தக் கூட்டில் புகுந்தால் ஓட்டுக்கு அடியில் தீ பரவும். சிமெண்ட் பூசி அதை அடைக்க வேண்டும்.

3. காற்றுத் துவாரம். பொறி உள்ளே போனால் வீடு உள்ளிருந்தே எரியும். கலிபோர்னியாவில் இதற்குக் கம்பி வலையின் கண் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கடைக்காரர் மொழியில் சொன்னால், மிளகு புகக் கூடாது, கடுகு புகலாம்.

4. சுவரை ஒட்டிய ஐந்தடி. அங்கே செடி, விறகு, மரவேலி, அட்டைப் பெட்டி எதுவும் கூடாது. கூரையில் உருண்டு கீழே விழும் கங்கு அங்கேதான் விழும்.

பாரடைஸில் புது வீடுகளும் எரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் பக்கத்து வீடு. அடுத்த வீடு எரியும்போது அதன் வெக்கை தாங்காமல் நல்ல கூரை போட்ட வீடும் எரிந்திருக்கிறது.

2023 ஆகஸ்ட் 8-ல் ஹவாய் மாநிலத்திலுள்ள லஹைனா என்ற ஊர் எரிந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுற்றிலும் எல்லாம் சாம்பலாகிக் கிடக்க, சிவப்புக் கூரை போட்ட ஒரே ஒரு வீடு நின்றதைப் படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். நூறு வயதான மர வீடு அது. வீட்டுக்காரர்கள் சமீபத்தில்தான் பழைய தார்க் கூரையை எடுத்துவிட்டுக் கனமான உலோகத் தகடு போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டியிருந்த செடிகளை எடுத்துவிட்டுக் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். தீயை நினைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. பழைய வீட்டைப் பழுதுபார்த்தார்கள், அவ்வளவுதான். கூரையில் விழுந்த கங்குக்கு அங்கே எரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே உருண்டால் அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலும் கீழும் சேர்ந்துதான் காப்பு. இது மூன்றாவது பாடம்.

நம் கடைத் தெருவில்

கொடைக்கானல், கூடலூர் போன்ற மலையூர்களில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் காட்டுத் தீ பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமவெளியில் இருக்கும் நமக்குக் காட்டுத் தீ இல்லை; ஆனால் பறந்து வரும் பொறிக்குக் குறைவில்லை. தீபாவளி ராக்கெட், பக்கத்து டீக்கடை அடுப்பு, குப்பை மேட்டில் வைத்த நெருப்பு, மின்கம்பியின் உரசல் எல்லாம் பொறி அனுப்புபவைதான். காட்டிலிருந்து வந்தாலும் ராக்கெட்டிலிருந்து வந்தாலும் கூரைக்கு வித்தியாசம் தெரியாது.

கீற்றுக் கூரை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2004-ஆம் ஆண்டில் கண்டது. அந்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. நம் கடைகளுக்கு யாரும் உத்தரவிடக் காத்திருக்க வேண்டாம்.

நம்மிடம் உள்ள கூரைகளைத் தரம் பிரித்துப் பார்ப்போம்.

கான்கிரீட் தளமும் ஓடும்: எரியாது. ஆனால் ஓட்டுக்கு அடியில் மரச் சட்டமும் அணில் கூடும் உண்டு. உடைந்த ஓட்டை அன்றே மாற்ற வேண்டும்.

தகரம்: எரியாது; ஆனால் சூட்டைக் கீழே இறக்கும். தகரத்தைத் தொடும்படி சாக்கு அடுக்கக் கூடாது. வெக்கைக்காக அடியில் தெர்மாகோல் ஒட்டுகிறவர்கள் உண்டு. அது தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்து சரக்கின் மேல் விழும்.

ஆஸ்பெஸ்டாஸ்: எரியாது, அதிகச் சூட்டில் வெடித்துச் சிதறும். அதன் தூசு நுரையீரலுக்கும் கேடு. புதிதாகப் போடுகிறவர்கள் வேறு பொருளை யோசிக்கலாம்.

வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பிளாஸ்டிக் தகடு: எரியும். நல்ல கூரையில் நாமே வைத்த ஓட்டை இது.

தார்ப்பாய், பச்சை வலை, கீற்று: இவை மூன்றும் பொறிக்கு விருந்து. கோடையில் தகரத்துக்கு மேல் கீற்றைப் பரப்பிக் குளிர்ச்சி தேடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்போது அது தகரக் கூரை அல்ல, கீற்றுக் கூரைதான். குளிர்ச்சிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

செலவு வரிசை

வியாபாரி எதையும் செலவுக் கணக்கில்தான் பார்ப்பான். ஆகவே குறைந்த செலவிலிருந்து தொடங்குகிறேன்.

செலவில்லாதது: மாதம் ஒருமுறை ஆளை மேலே ஏற்றிச் சருகைக் கூட்டுவது, கூரையின் மேல் போட்டிருக்கும் பழைய சாக்கு, டயர், உடைந்த பெட்டிகளை இறக்குவது, சுவரை ஒட்டி ஐந்தடிக்குள் இருக்கும் காலி அட்டைப் பெட்டிகளை அப்புறப்படுத்துவது, கூரைக்கும் சரக்குக்கும் இடையில் மூன்றடியாவது விட்டு அடுக்குவது. தகரத்திலும் பிளாஸ்டிக் தகட்டிலும் நேராகக் கால் வைத்தால் ஆள் கீழே போய்விடுவான். பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

சில நூறு ரூபாய்: காற்றுத் துவாரங்களுக்கு மெல்லிய கம்பி வலை. ஓட்டின் வாய்க்கும் தகர இடுக்குக்கும் சிமெண்ட் பூச்சு.

சில ஆயிரம்: முன்பக்கக் கீற்றுப் பந்தலை எடுத்துவிட்டுத் தகரப் பந்தல். பிளாஸ்டிக் தகட்டை மாற்றிக் கம்பி பதித்த கண்ணாடி.

பெருஞ்செலவு: கூரையையே மாற்றுவது. இதை எப்படியும் இருபது வருடத்துக்கு ஒருமுறை செய்யத்தான் போகிறோம். அந்த நேரத்தில் மலிவைப் பார்க்காமல் தரத்தைப் பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு ஐந்து லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், இரண்டு லட்சம் நஷ்டத்துக்கு இரண்டு லட்சம் கிடைக்காது. ஒரு லட்சம்தான் கிடைக்கும். சரக்கைக் குறைத்துக் காட்டினால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். சிறு வணிகர்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாலிசியில் நூற்றுக்குப் பதினைந்து வரையான குறைவைப் பொறுத்துக்கொள்கிறார்கள். காட்டுத் தீயும் அதில் அடங்கும். பழைய வகைப் பாலிசியில் காட்டுத் தீக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. மலையூர் வணிகர்கள் தங்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். கூரை எந்தப் பொருள் என்பதையும் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். தகரம் என்று எழுதிவிட்டுக் கீற்று வைத்திருந்தால் தகராறு நமக்குத்தான்.

கடைசியாக ஒன்று. நம் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. என் கூரை ஏ தரமாக இருந்து, பக்கத்துக் கடையில் கீற்று இருந்தால், என் தரம் பாதி தரம்தான். ஆகவே இது தனி ஆள் வேலை அல்ல, தெருவின் வேலை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் மாசி பிறப்பதற்குள் ஒருமுறை, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, நாலு பேராகச் சேர்ந்து ஏணியோடு தெருவைச் சுற்றி வர வேண்டும். கீற்றை மாற்ற வசதியில்லாத சிறு கடைக்காரருக்குச் சங்கம் கைமாற்று கொடுத்துத் தகரம் போட்டுத் தரலாம். அந்தப் பணம் அவருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. அவருக்கு இரண்டு பக்கமும் உள்ள நம் எல்லோருடைய சரக்குக்கும் அதுவே காப்பு.