மலிவாக வரும் பழைய படகு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சித்தூர் என்றால் மாந்தோப்பும் திருப்பதி என்றால் மலையும் நினைவுக்கு வரும். படகு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டையும் தடாவும் புதிய மாவட்டத்தில் இணைந்தன. அவற்றுடன் பழவேற்காடு ஏரியின் பெரும்பரப்பும் வந்து சேர்ந்தது. இன்று இப்பகுதிக் கிளைகளில் டிராக்டர் கடனும் கறவை மாட்டுக் கடனும் கேட்போர் நடுவே, “பழைய படகு ஒன்று மலிவாக வருகிறது, கடன் கிடைக்குமா?” என்று கேட்போரும் உள்ளனர்.

கடன் கிடைக்குமா என்பது பிறகு பார்க்க வேண்டியது. அந்தப் படகின் உண்மையான விலை என்ன என்பதையே முதலில் அறிய வேண்டும். விற்பவர் சொல்லும் தொகை அதன் ஒரு பகுதிதான். நீரில் இறக்கி, நம்பித் தொழில் செய்யத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆகும் செலவு முழுவதும் சேர்ந்ததே விலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு சோதனையும் அந்தத் தொகையில் எதைக் கூட்ட வேண்டும் என்பதைக் கண்டறிவதற்கான வழியே.

இப்பகுதியில் விற்பனைக்கு வரும் பழைய படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் படகுகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட ஃபைபர் படகுகள் சோழமண்டலக் கரையெங்கும் பரவின. அவசரத்தில் பல பட்டறைகளில் செய்யப்பட்டதால் அவற்றின் தரம் ஒரே சீராக இருக்கவில்லை. அக்காலத்துப் படகு எதுவானாலும் இப்போது அதற்கு இருபது வயது. இவற்றைத் தவிர, ஏரிகளிலும் அணைகளிலும் உல்லாசப் பயணத்துக்கும் கண்காணிப்புக்கும் ஓடிய படகுகள் ஏலத்துக்கு வருவதுண்டு. அவற்றுள் சில ‘ட்ரைஹல்’ எனப்படும் வகை.

ட்ரைஹல் படகின் அடிப்பாகம் ஒரே கூராக இராது. நடுவில் ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று முகடுகள் நீளவாக்கில் ஓடும். இதனால் படகு நின்ற இடத்தில் எளிதில் சாயாது. ஒரு பக்கமாக நின்று வலை இழுக்கலாம். ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும். சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள பழவேற்காடு ஏரிக்கு இது பொருந்தும். குறையும் உண்டு. அலையடிக்கும் முகத்துவாரத்தில் வேகமாகச் சென்றால் இதன் அகன்ற அடி நீரை வெட்டாது, அறையும். ஆண்டுக்கணக்கில் அறைபட்ட அடித்தளத்தில் உட்புறச் சட்டங்கள் பிரிந்திருக்க வாய்ப்புண்டு. ஏரியில் மட்டும் ஓடிய படகா, கடலுக்குப் போய்வந்த படகா என்று முதலில் கேட்பது இதனால்தான்.

இவ்வகையில் பெயர்பெற்றது அமெரிக்காவின் பாஸ்டன் வேலர் படகு. டிக் ஃபிஷர் என்பவர் 1958இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1961இல் ‘லைஃப்’ இதழில், படகில் அமர்ந்தபடியே அதை இரண்டாக அறுத்து, பாதிப் படகிலேயே மிதந்து செல்லும் அவருடைய படங்கள் வெளிவந்தன. இரு ஃபைபர் ஓடுகளுக்கு இடையே நுரைப்பொருள் நிரப்பப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். ஆனால் அறுக்கப்பட்டது புதுப்படகு. அதன் நுரை உலர்ந்திருந்தது. ஆணித்துளை வழியாகவோ விரிசல் வழியாகவோ நீர் புகுந்து பல ஆண்டுகள் தங்கினால் அதே நுரை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. படகு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி எடைமேடை. படகை எப்படியும் ஒரு வண்டியில்தான் ஏற்றிவர வேண்டும். எஞ்சினையும் எரிபொருளையும் இறக்கிவிட்டுப் படகோடு ஒருமுறையும் படகில்லாமல் ஒருமுறையும் வண்டியை நிறுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, படகோடு 2,150 கிலோ, வண்டி மட்டும் 1,600 கிலோ என்றால் படகின் எடை 550 கிலோ. தயாரிப்பாளர் குறித்த எடை 400 கிலோ என்றால் மிச்சம் 150 கிலோ எங்கிருந்து வந்தது? பழுது பார்க்கும்போது ஒட்டிய ஃபைபர் கொஞ்சம் இருக்கலாம். எஞ்சியது நீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ ஆதலால், இரண்டு ஆட்களுக்கு மேற்பட்ட சுமையை அந்தப் படகு எந்நேரமும் வெறுமனே தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எரிபொருளும் அதற்கேற்பக் கூடும். எடைமேடையில் பத்து இருபது கிலோ முன்பின் காட்டலாம். நூற்றைம்பது கிலோவுக்கு அது விளக்கமாகாது. நனைந்த நுரையை வெளியிலிருந்து உலர்த்துவது நடவாத காரியம். மேல்தளத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நிலையில் உள்ள படகை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து எஞ்சின் மாட்டும் பின்பலகை. பல படகுகளில் இது ஒட்டுப்பலகையை நடுவில் வைத்து ஃபைபர் பூசியது. திருகாணித் துளைகள் வழியே நீர் கசிந்தால் உள்ளே பலகை மக்கிவிடும். மேலே உள்ள பூச்சு பளபளப்பாகவே இருக்கும். ஒரு மரக்கைப்பிடியால் பலகை முழுவதும் மெல்லத் தட்டிவாருங்கள். நல்ல இடத்தில் ஓசை ‘டக்’ என்று தெளிவாகக் கேட்கும். மக்கிய இடத்தில் மந்தமாக இருக்கும். பின்பு எஞ்சினின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, பலகை வளைந்து கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் புதிதாகக் கட்டலாம். ஆனால் அது பட்டறையில் பல நாள் வேலை. ஓடும்போது அந்தப் பலகை பெயர்ந்தால் எஞ்சின் ஏரியோடு போகும்.

அடிப்பாகத்தைப் பார்க்கப் படகைக் கரையேற்றிப் புரட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். மூன்று முகடுகளுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் சிப்பியும் சேறும் ஒட்டியிருக்கும். அவற்றைச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். மேற்பூச்சில் கொப்புளங்கள் இருந்தால் நீர் உள்ளே இறங்கத் தொடங்கியுள்ளது. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரியும் கீறல்கள் அங்கு அடிபட்டதைக் காட்டும். விற்பனைக்குச் சில நாள் முன்பு அடித்த புதுப்பெயிண்ட், மணவீட்டு வாசலுக்கு அழகு. படகின் அடியில் அது ஐயத்துக்கு இடம் தருகிறது.

எஞ்சினைச் சோதிக்க ஒரு நல்ல மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருந்து மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் இழுப்புக்கு எழுகிறதா என்பதே சோதனை. அவுட்போர்டு மோட்டாரானால் ஓடும்போது குளிர்விப்பு நீர் பக்கத்துளை வழியே சீராகப் பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. எஞ்சினில் பொறித்த எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

கடலில் மீன்பிடிக்கும் படகுக்குப் பதிவெண் உண்டு. இந்தியாவைக் குறிக்கும் எழுத்துகளை அடுத்து மாநிலத்துக்குரிய எழுத்துகள் வரும். பழவேற்காடு ஊர் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால், அங்கே பதிவான படகு இக்கரைக்கு விலைக்கு வருவது இயல்பு. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் படகு உங்களுடையதாகிவிடாது. பதிவுப் பெயர் மாற்றத்துக்கு இரு மாநில மீன்வளத் துறை அலுவலகங்களிலும் என்னென்ன தேவை என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். அரசு மானியத்தில் வாங்கிய படகானால், அதை விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

பயணிகளை ஏற்றும் எண்ணம் இருந்தால் அது வேறு தொழில். உள்நாட்டு நீர்வழிகளில் எஞ்சினால் ஓடும் கலங்களுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் வேண்டும். ஏரியின் ஆந்திரப் பகுதி பறவைகள் சரணாலயம் ஆதலால் வனத்துறையின் அனுமதியும் வேண்டியிருக்கும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மீன்பிடிப் படகில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துப் பேரை ஏற்றித் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவோருக்கு வங்கி கடன் தராது. தரவும் கூடாது.

படகின் மீது யாருடைய பாக்கி இருக்கிறது என்பது வாங்குபவர் கண்ணில் படாத செய்தி. காருக்குப் பதிவுச் சான்றிலேயே வங்கியின் பெயர் தெரியும். பழைய படகு விஷயத்தில் அந்த வசதியை நம்ப முடியாது. விற்பவர் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் பெற்றிருந்தால் நிலுவையின்மைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட நுட்பமானது மீன் வியாபாரி கொடுத்த முன்பணம். பிடிக்கும் மீனை அவருக்கே போடுவதாகப் பேசி வாங்கிய பணத்துக்கு எழுத்து இருக்காது. ஆனால் படகு கைமாறிய மறுநாளே அவர் கரையில் வந்து நிற்பார். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் விலை பேசி முடிப்பது இதற்கு நல்ல காப்பு.

ஏரியில் நெடுங்காலமாக நிலவும் ‘பாடு’ முறையையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தக் குடும்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊரார் முறைவைத்து வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பாட்டு உரிமை படகோடு விற்கப்படுவதில்லை. படகை வாங்கிவிட்டுப் பின்னர் இடம் கேட்டுப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனிக் கணக்கு. ஒரு படகு எஞ்சினோடு ஒரு லட்ச ரூபாய்க்கு வருவதாகவும், முழுத்தொகையும் கடன் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 3,321 ரூபாய். (இந்த விகிதம் கணக்குக்காக எடுத்துக்கொண்டது, நடப்பு விகிதத்தைக் கிளையில் கேளுங்கள்.) வாங்கிய மூன்றாம் மாதம் பின்பலகையும் கியர்ப்பெட்டியும் சேர்ந்து 40,000 ரூபாய் செலவு வைக்கின்றன. படகு ஓடாமல் வருமானம் இல்லை. அவசரத்துக்கு வெளியில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். வட்டி மட்டும் மாதம் 1,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,521 ரூபாய் கட்டிய பிறகும் வெளிக்கடனின் அசல் 40,000 அப்படியே நிற்கிறது. கடன் கணக்குகள் தவறுவது பெரும்பாலும் முதல் கடனால் அல்ல, சொல்லாமல் பின்னால் வந்த இந்த இரண்டாம் கடனால்தான். பழுதுச் செலவை முன்பே மதிப்பிட்டு விண்ணப்பத்தில் சேர்த்துக் கேட்டிருந்தால் அதுவும் வங்கி வட்டிக்குள் அடங்கியிருக்கலாம். அல்லது 1,40,000 ரூபாய்க்கு இதைவிட நல்ல படகே கிடைத்திருக்கலாம்.

வருமானத்தை மதிப்பிடும்போது ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்கிட வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கைகள் வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களிலும் கடலுக்குப் போக முடியாது. வருமானம் இல்லாத மாதங்களைக் கிளை மேலாளரிடம் முன்பே சொல்லி, தவணையைப் பருவத்துக்கு ஏற்ப அமைக்க முடியுமா என்று கேளுங்கள். வலை, எரிபொருள், பனிக்கட்டி முதலிய நடப்புச் செலவுக்குப் படகுக் கடனைத் தொட வேண்டியதில்லை. உழவர்களுக்கான கிசான் கடன் அட்டை 2019 முதல் மீனவர்களுக்கும் வழங்கப்படுகிறது.

பார்க்கப் போவதற்கு உகந்த காலம் தடைக்காலம். படகுகள் கரையேறி நிற்பதால் அடிப்பாகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பழுது பார்க்கும் பட்டறைக்காரரும் பக்கத்திலேயே இருப்பார். ஆனால் எஞ்சினை நீரில் ஓட்டிப் பார்க்காமல் முழுப்பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. சிறு முன்பணம் கொடுத்து, நீரோட்டச் சோதனையில் குறை தெரிந்தால் அது திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, தடை நீங்கியதும் இரண்டாம் முறை போய் ஓட்டிப் பாருங்கள். கிளைக்கு வரும்போது எடைமேடைச் சீட்டு, மெக்கானிக் எழுதித் தந்த மதிப்பீடு, பதிவுச் சான்றின் நகல், விற்பவரின் நிலுவையின்மைச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவந்தால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது எளிது.